நாற்பது நாணயம், நூற்று இருபத்தெட்டு ரூபாய்

கி.பி. 499ஐ ஒட்டி எழுதப்பட்ட ஆரியபட்டீயத்தின் கணிதப் பகுதியில் 30ஆம் செய்யுள் ஒரு பணக் கணக்குக்கு வழி சொல்கிறது. இரண்டு பேரிடம் ஒரே வகைப் பொருள் சிலவும் கொஞ்சம் காசும் இருக்கின்றன. பொருளின் எண்ணிக்கையும் காசின் எண்ணிக்கையும் ஆளுக்கு ஆள் மாறுகின்றன. கூட்டிப் பார்த்தால் இருவர் செல்வமும் சமம். பொருளின் விலை என்ன? காசுகளின் வேறுபாட்டைப் பொருள்களின் வேறுபாட்டால் வகுக்கச் சொல்கிறார் ஆரியபட்டர். ஒருவரிடம் 6 மணி, 100 காசு. மற்றவரிடம் 8 மணி, 60 காசு என்று வைத்துக்கொள்வோம். இரண்டாமவரிடம் காசில் 40 குறைவு, மணியில் 2 கூடுதல். அந்த 2 மணிதான் 40 காசை ஈடு செய்கிறது. ஆகவே மணி ஒன்றுக்கு 20 காசு. இருவர் கையிலும் மொத்தம் 220.

இந்தச் செய்யுளில் குறியெழுத்து எதுவும் இல்லை. சொல்லாலேயே சமன்பாடு தீர்க்கப்படுகிறது. 1150இல் இரண்டாம் பாஸ்கரர் எழுதிய பீஜகணிதத்தில் குறியெழுத்துகள் நன்றாக வேரூன்றிவிட்டன. தெரியாத முதல் அளவுக்கு ‘யா’. அடுத்தடுத்த அளவுகளுக்கு நிறப்பெயர்களின் முதலெழுத்து, கருப்புக்குக் ‘கா’, நீலத்துக்கு ‘நீ’ என்று. அந்த நூலிலும் இதே மாதிரிக் கணக்கு வருகிறது: ஒருவரிடம் 300 காசும் 6 குதிரையும், இன்னொருவரிடம் 10 குதிரை, ஆனால் 100 காசு கடன், இருவரும் சம செல்வர். 4 குதிரை 400 காசுக்கு ஈடாகிறது, குதிரை ஒன்று 100. கடன் என்ற சொல்லுக்குள் குறை எண் இயல்பாக வந்து உட்கார்ந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். பணம் இல்லாத கணக்கில் அதை இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது.

இன்று பள்ளிப் பிள்ளைகள் போடும் நாணயக் கணக்கு இதைத் திருப்பிப் போட்டது. ஆரியபட்டரிடம் எண்ணிக்கை தெரியும், விலை தெரியாது. பள்ளிக் கணக்கில் ஒவ்வொரு நாணயத்தின் மதிப்பும் அதன் முகத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது, தெரியாதது எண்ணிக்கை. என்சிஇஆர்டியின் எட்டாம் வகுப்புப் பாடநூலில் பல ஆண்டுகள் இடம்பெற்ற ஒரு கணக்கில், ஒருவரிடம் இருக்கும் இரண்டு ரூபாய் நாணயங்கள் ஐந்து ரூபாய் நாணயங்களைப் போல் மூன்று மடங்கு, மொத்தம் 77 ரூபாய். விடை 7 ஐந்து ரூபாயும் 21 இரண்டு ரூபாயும். இப்படியொரு வாக்கியக் கணக்கைச் சந்திக்காமல் இந்தியாவில் எட்டாம் வகுப்பைத் தாண்டுவது அரிது.

நகரப் பேருந்துக் கண்டக்டரின் பையை எடுத்துக்கொள்ளலாம். அதில் இரண்டு ரூபாயும் ஐந்து ரூபாயுமாக 40 நாணயங்கள், மொத்தம் 128 ரூபாய். எது எத்தனை?

எழுத்து எதுவும் வேண்டாம். நாற்பதும் இரண்டு ரூபாய் என்று முதலில் வைத்துக்கொள்வோம். 80 ரூபாய் ஆகிறது. இருப்பதோ 128. மிச்சம் 48 எங்கிருந்து வந்தது? ஒரு இரண்டு ரூபாயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஐந்து ரூபாயை வைத்தால் எண்ணிக்கை மாறாது, மதிப்பு மட்டும் 3 ரூபாய் ஏறும். 48ஐ 3ஆல் வகுத்தால் 16. ஆகவே ஐந்து ரூபாய் 16, இரண்டு ரூபாய் 24. முதலில் 80, அடுத்தது 48, கூட்டினால் 128.

சீனாவின் பழைய கணித நூலான ‘சுன் ட்ஸு சுவான்ஜிங்’ கி.பி. மூன்றாம் நூற்றாண்டுக்கும் ஐந்தாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது. அதில் கோழியும் முயலும் ஒரே கூண்டில் இருக்கின்றன. 35 தலை, 94 கால். அந்நூலின் வழி இன்னும் சுருக்கம்: கால்களைப் பாதியாக்கு, 47, தலைகளைக் கழி, 12. அத்தனை முயல், மீதி 23 கோழி. கோழி இரண்டு ரூபாய் நாணயம், முயல் நான்கு ரூபாய் நாணயம் என்று மாற்றிப் படித்தால் கண்டக்டரின் பையும் இந்தக் கூண்டும் ஒரே கணக்கு.

இப்போது இயற்கணிதம். இரண்டு ரூபாய் நாணயங்களின் எண்ணிக்கை ம, ஐந்து ரூபாய் நாணயங்களின் எண்ணிக்கை ந. எண்ணிக்கை தரும் சமன்பாடு ம + ந = 40. மதிப்பு தரும் சமன்பாடு 2 × ம + 5 × ந = 128. முதல் சமன்பாட்டிலிருந்து ம என்பதை 40 − ந என்று எடுத்து இரண்டாவதில் பிரதியிட்டால் 80 + 3 × ந = 128. இந்த வரியை நிதானமாகப் பார்க்க வேண்டும். 80 என்பது எல்லாம் இரண்டு ரூபாய் என்று வைத்துக்கொண்டபோது கிடைத்த அதே 80. 3 என்பது நாணயம் மாற்றும்போது ஏறிய அதே 3. மனக்கணக்கில் செய்த ஒவ்வொரு அடியும் பிரதியிடல் முறைக்குள் அப்படியே இருக்கிறது. வகுப்பில் இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் விட்டுவிட்டால் எழுத்துகள் வானத்திலிருந்து குதித்தவையாகத் தோன்றும். பிள்ளைகள் வழியை உருப்போடத் தொடங்குவார்கள்.

பெரும்பாலான தவறு வகுத்தலிலோ கழித்தலிலோ நடப்பதில்லை. ம என்றால் என்ன என்ற இடத்தில் நடக்கிறது. அது இரண்டு ரூபாய் நாணயமா, நாணயங்களின் எண்ணிக்கையா, அவற்றின் மதிப்பா? மூன்றும் வேறு. கணக்குக்கு எண்ணிக்கை மட்டுமே வேண்டும். ஐந்து ரூபாய்க்கு ‘ஐ’, இரண்டு ரூபாய்க்கு ‘இ’ என்று முதலெழுத்தை வைப்பது பார்க்க வசதியாக இருக்கும், ஆனால் எழுத்தே நாணயம் என்ற மயக்கத்தை அது வளர்த்துவிடும். மதிப்பையும் எண்ணிக்கையையும் ஒன்றாகக் குழப்பி ம + ந = 128 என்று எழுதும் மாணவருக்குக் கூட்டல் தெரியும்; எதைக் கூட்டுகிறோம் என்பதுதான் பிடிபடவில்லை.

இந்த மயக்கம் சின்னப் பிள்ளைகளோடு நின்றுவிடுவதில்லை. அமெரிக்காவில் ஜான் கிளெமென்ட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் முதலாண்டுப் பொறியியல் மாணவர்கள் 150 பேருக்கு ஒரு வாக்கியம் கொடுத்தார்கள்: இந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியருக்கு ஆறு மாணவர். மாணவர் எண்ணிக்கையையும் பேராசிரியர் எண்ணிக்கையையும் இணைத்துச் சமன்பாடு எழுதச் சொன்னபோது 37 விழுக்காட்டினர் தவறினார்கள். மாணவர் எண்ணிக்கையை 6ஆல் பெருக்கினால் பேராசிரியர் எண்ணிக்கை வரும் என்று தலைகீழாக எழுதியதுதான் அவற்றுள் மிகப் பரவலான தவறு. ஆங்கில வாக்கியத்தில் சொற்கள் வந்த வரிசையையே சமன்பாடாக்கிவிட்டார்கள். எழுத்தை எண்ணாகப் பார்க்காமல் ஆளுக்கு ஒட்டிய அடையாளச் சீட்டாகப் பார்த்தார்கள். 1981இல் வெளியான இந்த ஆய்வு இன்றும் கணிதக் கல்வி வகுப்புகளில் பேசப்படுகிறது.

வேறொரு பக்கத்திலிருந்து வந்த ஆய்வுகள் இன்னும் ஆழமாக உறுத்துகின்றன. பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் விற்கும் ஐந்து சிறுவர் சிறுமியரைத் தெரெசினியா நூனிஸ், டேவிட் காரெர், அனலூசியா ஷ்லீமான் ஆகிய மூவரும் ஆராய்ந்து 1985இல் கட்டுரை வெளியிட்டார்கள். விற்கும் இடத்தில் கேட்ட 63 கேள்விகளில் 98 விழுக்காட்டுக்கு அந்தப் பிள்ளைகள் சரியான விடை சொன்னார்கள். அதே கணக்குகளைத் தாளில் எண்களாக மட்டும் கொடுத்தபோது சரியான விடை 37 விழுக்காடாக விழுந்தது. 35 குருசேரோ விலையில் பத்துத் தேங்காய் கேட்டால், மூன்றுக்கு 105, இன்னொரு மூன்றுக்கு 210 என்று அடுக்கிப் போய் 350இல் நின்றான் 12 வயதுச் சிறுவன் ஒருவன். பத்தால் பெருக்கப் பூஜ்யம் சேர்க்கும் பள்ளி வழி அவனுக்குத் தேவைப்படவே இல்லை.

2025 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு நம் நாட்டைப் பற்றியது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி உள்ளிட்ட குழு கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளையும், அப்படி வேலை செய்யாத 471 பள்ளிப் பிள்ளைகளையும் சோதித்தது. கிலோ 20 ரூபாய் உருளைக்கிழங்கில் 800 கிராம், கிலோ 15 ரூபாய் வெங்காயத்தில் 1.4 கிலோ, 200 ரூபாய் நோட்டு, மீதி எவ்வளவு? சந்தைப் பிள்ளைகள் இத்தகைய கணக்குகளைத் தாளும் பேனாவும் இல்லாமல் முடித்தார்கள், ஆனால் பாடநூல் வடிவக் கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிப் பிள்ளைகள் பாடநூல் வடிவத்தில் அவர்களை முந்தினார்கள், சந்தைக் கணக்கில் பின்தங்கினார்கள். ஒரு பக்கத்துத் திறமை மறுபக்கம் கடந்து போகவில்லை. நாணயக் கணக்கு இந்த இரண்டு கரைகளுக்கும் நடுவில் நிற்கும் கணக்கு. காசு தெரிந்த பிள்ளைக்கு எழுத்தையும், எழுத்து தெரிந்த பிள்ளைக்குக் காசையும் அதால் கற்றுத்தர முடியும். அதை வெறும் பயிற்சி வினாவாகச் சுருக்குவது பெரிய இழப்பு.

கண்டக்டரின் பைக்கே திரும்பலாம். மதிப்பு 128 என்று மட்டும் தெரிந்து எண்ணிக்கை தெரியாவிட்டால்? ஐந்து ரூபாயின் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மீதி இரண்டு ரூபாயில் அடங்காது. 0, 2, 4 என்று தொடங்கி 24 வரை 13 வழிகள் கிடைக்கின்றன. எண்ணிக்கை 40 என்று மட்டும் தெரிந்து மதிப்பு தெரியாவிட்டால் 41 வழிகள். இரண்டு பட்டியலுக்கும் பொதுவாக இருப்பது ஒன்றே ஒன்று. சமன்பாடு தீர்ப்பது என்றால் இதுதான்: ஒவ்வொரு தகவலும் சில வாய்ப்புகளை அடித்துவிடுகிறது, கடைசியில் ஒன்று மிஞ்சுகிறது.

அந்த 13 வழிகளையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் இன்னொன்று தெரியும். ஒரு வழியிலிருந்து அடுத்ததற்குப் போக ஐந்து இரண்டு ரூபாயைக் கொடுத்து இரண்டு ஐந்து ரூபாயை வாங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நாணயம் மூன்று குறைகிறது: 64, 61, 58 என்று இறங்கி 40ஐத் தொட்டு 28இல் முடிகிறது. ஆகவே 41 நாணயத்தில் 128 ரூபாய் வரவே வராது. பையில் 41 நாணயம், 128 ரூபாய் என்று யாராவது எழுதிக் கொடுத்தால், எண்ணியதில் தவறு இருக்கிறது என்று பையைத் திறக்காமலே சொல்லிவிடலாம். சமன்பாட்டில் அது பின்னமாகத் தெரியும்: 82ஐக் கழித்தால் 46, அதை 3 வகுக்காது. நாணயத்தைப் பாதியாக வெட்ட முடியாது என்ற விதியை யாரும் எழுதி வைப்பதில்லை. ஆனால் கணக்கில் அதுவும் ஒரு தகவல்தான்.

இந்த எழுதாத விதியின் வலிமையைப் பழைய நூல்கள் நன்றாக உணர்ந்திருந்தன. 1881இல் பெஷாவர் பக்கத்துப் பக்ஷாலி கிராமத்தில் மண்ணுக்கடியில் கிடைத்த பூர்ஜமரப் பட்டைச் சுவடி இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதில் ஒரு கணக்கு: ஆண், பெண், குழந்தை என 20 பேர் 20 காசு சம்பாதிக்கிறார்கள், ஆணுக்கு 3, பெண்ணுக்கு ஒன்றரை, குழந்தைக்கு அரை. தெரியாதவை மூன்று, தகவல் இரண்டு. பள்ளி விதிப்படி இதற்குத் தனி விடை இருக்கக் கூடாது. மதிப்புச் சமன்பாட்டை இரட்டித்து அதிலிருந்து ஆள் எண்ணிக்கையைக் கழித்தால் மிஞ்சுவது: ஆண் எண்ணிக்கையின் 5 மடங்கும் பெண் எண்ணிக்கையின் 2 மடங்கும் சேர்ந்து 20. அதாவது 20 ரூபாயை ஐந்து ரூபாயாலும் இரண்டு ரூபாயாலும் கொடுக்கும் அதே சில்லறைக் கணக்கு! வழிகள் மூன்று, அவற்றில் ஒன்றில் ஆணே இல்லை, இன்னொன்றில் பெண்ணே இல்லை. மூன்று வகையினரும் இருக்க வேண்டும் என்றால் 2 ஆண், 5 பெண், 13 குழந்தை என்ற ஒரே விடை.

சீனாவில் ஐந்தாம் நூற்றாண்டில் ஜாங் சியூஜியான் நூறு காசுக்கு நூறு கோழி வாங்கச் சொன்னார். சேவல் 5 காசு, பெட்டை 3 காசு, குஞ்சு மூன்று ஒரு காசு. அவர் விடையை ஒன்றோடு நிறுத்தவில்லை. சேவல் 4, பெட்டை 18, குஞ்சு 78. அல்லது 8, 11, 81. அல்லது 12, 4, 84 என்று மூன்றையும் தந்தார். ஒரு கணக்குக்கு மூன்று விடை இருக்கலாம் என்று ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் பாடநூல்களில் அந்தத் துணிவு குறைவு.

இரண்டு ரூபாயும் ஐந்து ரூபாயும் மட்டும் இருந்தால் எந்தத் தொகைகளைக் கொடுக்கவே முடியாது? 1, 3 இரண்டு மட்டும்தான். 4இலிருந்து மேலே எல்லாம் முடியும். ஆங்கிலக் கணிதவியலாளர் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர் 1884இல் ‘எஜுகேஷனல் டைம்ஸ்’ இதழில் இதன் பொது வடிவத்தை வாசகர்களுக்குக் கேள்வியாக விட்டார். பொது வகுஎண் இல்லாத இரு நாணய மதிப்புகளிலிருந்தும் ஒன்றைக் கழித்து, பெருக்கி, பாதியாக்கினால் கொடுக்க முடியாத தொகைகளின் எண்ணிக்கை வரும். 1ஐ 4ஆல் பெருக்கிப் பாதியாக்கினால் 2. சரி.

ஆனால் கடையில் 3 ரூபாய்க்கு யாரும் தயங்கி நிற்பதில்லை. ஐந்து ரூபாயைக் கொடுத்து இரண்டு ரூபாயைத் திரும்ப வாங்குவார்கள். 1 ரூபாய் என்றால் ஐந்தைக் கொடுத்து இரண்டு இரண்டு ரூபாய் வாங்கலாம். அல்லது மூன்று இரண்டு ரூபாய் கொடுத்து ஒரு ஐந்தை வாங்கலாம். சமன்பாட்டின் மொழியில் திரும்ப வாங்கிய நாணயம் குறை எண். பாஸ்கரரின் கடனைப் போலவே இங்கும் குறை எண்ணுக்குக் கண்ணால் காணும் பொருள் கிடைக்கிறது. இத்தகைய சமன்பாடுகளுக்கு முழு எண் விடை காண ஆரியபட்டர் கணிதப் பகுதியின் 32, 33ஆம் செய்யுள்களில் ‘குட்டகம்’ என்ற முறையைத் தந்தார். பெரிய எண்களை மாறி மாறி வகுத்துப் பொடியாக்கும் வழி அது. கோள்களின் சுற்றுகளைக் கணக்கிடும் வானியலாளருக்காக உருவான அந்தக் கருவி, சில்லறை மாற்றும் கணக்கையும் தீர்க்கிறது.

நாணய வகை கூடினால் வழிகள் எப்படிப் பெருகுகின்றன என்பது வியக்க வைக்கும். இந்தியாவில் இப்போது புழங்கும் 1, 2, 5, 10, 20 ரூபாய் நாணயங்களால் 20 ரூபாயை 41 வழிகளில் கொடுக்கலாம். தொகையை ஐந்து மடங்காக்கி 100 ரூபாய் என்றால் 4,111 வழிகள். வரிசை தவறாமல் பட்டியல் போட்டால் இதைக் கணினி இல்லாமலே எண்ணிவிடலாம்: முதலில் 1, 2 மட்டும், பிறகு 5ஐச் சேர், பிறகு 10, கடைசியில் 20. ஒவ்வொரு படியிலும் முந்தைய பட்டியலைக் கூட்டினால் போதும்.

1957 ஏப்ரல் 1க்கு முன் இந்தக் கணக்குகளில் இன்னொரு சுமை இருந்தது. ஒரு ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 ‘பை’ என்ற சிறுகாசு, ஆக ரூபாய்க்கு 192 பை. 30 நாணயம், நாலணாவும் இரண்டணாவுமாக 5 ரூபாய் 10 அணா என்று கேட்டால், முதலில் தொகையை 90 அணாவாக்க வேண்டும். பிறகே மற்றது: எல்லாம் இரண்டணா என்றால் 60, மிச்சம் 30, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 2, ஆகவே நாலணா 15, இரண்டணா 15. நூறு நயா பைசா வந்ததும் அந்தச் சுமை இறங்கியது. ஒரே அலகுக்கு மாற்றிக்கொண்டு தொடங்கு என்ற ஒழுங்கு மட்டும் இன்றைக்கும் மாறவில்லை. 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30 முதல் செல்லாதவை ஆகிவிட்டன. அந்த நாணயங்களை வைத்து இன்னும் கணக்குக் கேட்பது, பிள்ளை கையில் தொட்டறியாத பொருளைக் கேட்பதாகும்.

இரண்டாவது தகவல் எண்ணிக்கையாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. எடையும் ஆகலாம். 2019இல் அறிவிக்கப்பட்ட வரிசையில் இரண்டு ரூபாய் 4.07 கிராம், ஐந்து ரூபாய் 6.74 கிராம். 40 நாணயமும் இரண்டு ரூபாய் என்றால் 162.8 கிராம். தராசு 205.52 காட்டுகிறது. வேறுபாடு 42.72, நாணயம் ஒன்றை மாற்றினால் ஏறுவது 2.67; வகுத்தால் மறுபடியும் 16. எண்கள் அழகாக இல்லை, வழி அதே வழி. நடைமுறையில் ஓர் எச்சரிக்கை உண்டு: ஒன்பது கிராம் கனமான பழைய ஐந்து ரூபாயும் ஆறு கிராம் ஐந்து ரூபாயும் கலந்து கிடக்கும் பையில் இந்தத் தராசுக் கணக்கு பொய்த்துப் போகும். ஒரே மதிப்புக்கு மூன்று எடை என்றால் தெரியாதவையும் கூடிவிட்டன, அதற்கேற்பத் தகவலும் கூட வேண்டும்.

பணம் கைபேசிக்குள் போய்விட்ட காலத்தில் பிள்ளைகள் கையில் சில்லறை புரளும் வாய்ப்பு குறைந்துகொண்டே வருகிறது. கடைக்கு அனுப்பி மீதி எண்ணி வாங்கிவரச் சொன்ன பழக்கம் கற்றுத் தந்ததை இனி வகுப்பறைதான் கற்றுத்தர வேண்டும். ஆசிரியர்கள் ஒரு பை நிறைய உண்மையான நாணயங்களை மேசைமேல் கொட்டட்டும். முதலில் எழுத்தில்லாமல், எல்லாம் இரண்டு ரூபாய் என்று வைத்துக்கொண்டு தீர்க்கச் சொல்லட்டும். அதன் பக்கத்திலேயே சமன்பாட்டை எழுதிக் காட்டட்டும். பிறகு பிள்ளைகளையே கணக்கு அமைக்கச் சொல்லட்டும்; எந்த எண்கள் பின்னத்தில் முடிகின்றன என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். பாடநூல் எழுதுவோருக்கும் ஒரு வேண்டுகோள்: பத்து நாணயக் கணக்குகள் கொடுத்தால் அவற்றில் குறைந்தது இரண்டு கணக்குகள் விடையே இல்லாதவையாகவும், இரண்டு பல விடைகள் உள்ளவையாகவும் இருக்கட்டும். எது எந்த வகை என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை மாணவரிடம் விடுங்கள்.